பார்கோடு வகைகளும் ஸ்கேனர் அவற்றைப் படிக்கும் விதமும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பார்கோடு வேலையில் இறங்குபவர்கள் முதலில் ஒரு நினைப்பை விட்டுவிட வேண்டும். அந்தக் கோடுகளுக்குள் பொருளின் பெயரும் இல்லை, விலையும் இல்லை. பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. ஸ்கேனர் அந்த எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. மென்பொருள் தன் பட்டியலில் தேடி, பெயரையும் விலையையும் எடுத்துக் காட்டுகிறது. ஆகவே, ஸ்கேன் செய்தால் தப்பான விலை வருகிறது என்றால் பட்டியலைப் பாருங்கள். பீப் சத்தமே வரவில்லை என்றால்தான் லேபிளையும் ஸ்கேனரையும் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்கேனருக்கு எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது. வெளிச்சம் எங்கே திரும்பி வருகிறது, எங்கே வரவில்லை, ஒவ்வொரு பட்டையும் பக்கத்துப் பட்டையைவிட எத்தனை மடங்கு அகலம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கீழே சொல்லியிருக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவைதான்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்தே சொல்லப் பழகுங்கள்

கோடுகள் வரிசையாக நின்றால் அது ஒற்றைப் பரிமாண வகை. சதுரப் புள்ளிகளாக நிறைந்திருந்தால் இரு பரிமாண வகை. இது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடைப் பொருட்களில் இருப்பது இஏஎன்-13 அல்லது அதன் மூத்த உறவான யுபிசி-ஏ. இரண்டிலும் இடது ஓரம், நடு, வலது ஓரம் ஆகிய மூன்று இடங்களில் மெல்லிய இரட்டைக் கோடு சற்று நீண்டு கீழே இறங்கியிருக்கும். கீழே 13 இலக்கம் இருந்து, முதல் இலக்கம் கோடுகளுக்கு வெளியே இடப்பக்கம் தனியாக நின்றால் இஏஎன்-13. 12 இலக்கம் இருந்தால் யுபிசி-ஏ. யுபிசி எண்ணுக்கு முன்னால் ஒரு 0 சேர்த்தால் அதுவே இஏஎன்-13 ஆகிவிடும். 978 அல்லது 979 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் புத்தகம். மற்றபடி முதல் மூன்று இலக்கங்களை வைத்துப் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று சொல்ல முடியாது. அந்த எண் எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பு (பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பு) வழியாக வழங்கப்பட்டது என்பதை மட்டுமே அவை காட்டும். இதை வைத்துப் பரவும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம்.

அட்டைப் பெட்டிகளின் மேல் பெரிய பெரிய கோடுகளாக, சுற்றிலும் கனமான கறுப்புச் சட்டத்தோடு இருப்பது ஐடிஎஃப்-14. நூலக அட்டைகளிலும் ரத்தப் பைகளிலும் பழைய கோடாபார் இன்னும் தென்படும்.

கோட் 39 நீளமாக, நிதானமாக இருக்கும். அதன் கீழே எழுதப்பட்ட எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் சில சமயம் நட்சத்திரக் குறி தெரியும். கோட் 128 இதைவிட நெருக்கமானது. கூரியர் லேபிள், கிடங்கு லேபிள் எல்லாம் பெரும்பாலும் இதுதான். (01), (10), (17) என்று அடைப்புக்குறியோடு எண்கள் எழுதியிருந்தால் அது ஜிஎஸ்1-128. 01 பொருளின் எண், 10 தொகுதி எண், 17 காலாவதித் தேதி. அந்த அடைப்புக்குறிகள் மனிதக் கண்ணுக்காக மட்டும்தான், கோடுகளுக்குள் அவை இல்லை. இது தெரியாமல் அடைப்புக்குறியையும் சேர்த்து லேபிள் தயாரிப்பவர்கள் நிறையப் பேர்.

இரு பரிமாணத்தில் மூன்று மூலைகளில் சதுரம் இருந்தால் க்யூஆர். இரண்டு ஓரங்கள் முழுக் கறுப்புக் கோடாக 'எல்' வடிவில் இருந்து, எதிர் ஓரங்கள் விட்டுவிட்டு வந்தால் டேட்டா மேட்ரிக்ஸ். மருந்துப் பெட்டியிலும் மின்னணுப் பாகங்களிலும் இதைப் பார்க்கலாம். நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் இருந்தால் ஆஸ்டெக். அகலமாக, கோடுகளை அடுக்கடுக்காகக் குவித்தது போல இருப்பது பிடிஎஃப்417. விமானத்தின் போர்டிங் பாஸில் வருவது.

படி 2: ஸ்கேனர் என்ன செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கோடுகளின் பிறப்பே புள்ளியும் கோடுமான மோர்ஸ் சங்கேதத்தில்தான். நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற அமெரிக்கர் கடற்கரை மணலில் மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோது இந்த யோசனை தோன்றியது. அவருக்கும் பெர்னார்ட் சில்வருக்கும் 1952ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் மலிவான லேசரும் கணினியும் வரும்வரை அது காகிதத்திலேயே கிடந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த யுபிசி 1973ல் ஏற்கப்பட்டு, 1974 ஜூன் 26 அன்று ஓஹையோவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் முதன்முதலாகக் கடைக் கவுண்டரில் படிக்கப்பட்டது.

சரி, லேசர் ஸ்கேனரை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு சிவப்பு லேசர் இருக்கிறது, பொதுவாக 650 நானோமீட்டர் அலைநீளம். ஆடும் சிறு கண்ணாடி ஒன்று அந்த ஒற்றைப் புள்ளியை இடமும் வலமும் வீசுகிறது. வேகத்தால் அது நமக்குக் கோடாகத் தெரிகிறது. வெள்ளைப் பகுதியில் பட்ட ஒளி திரும்பி வருகிறது, கறுப்பில் பட்டது உறிஞ்சப்படுகிறது. திரும்பி வரும் ஒளியை ஒரு உணரி மின்னழுத்தமாக மாற்றுகிறது. மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஓர் அலை கிடைக்கிறது. அதில் ஏற்ற இறக்கம் நடக்கும் இடங்களே கோடுகளின் விளிம்புகள்.

இப்போது அகலத்தை அளக்க வேண்டும். ஆனால் ஸ்கேனரை எவ்வளவு தூரத்தில் பிடித்திருக்கிறோம், எந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மில்லிமீட்டர் கணக்கு உதவாது. அதனால் விகிதம்தான் எல்லாமே. மிக மெல்லிய கோட்டின் அகலத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால், இஏஎன்-13ல் ஒவ்வொரு இலக்கமும் சரியாக 7 அலகு அகலம். அதற்குள் இரண்டு கோடும் இரண்டு இடைவெளியும் இருக்கும். ஸ்கேனர் அந்த மொத்த அகலத்தை 7ஆல் வகுத்து, ஒவ்வொன்றும் எத்தனை அலகு என்று கணக்கிடுகிறது. ஓரத்தில் 3 அலகு, இடது ஆறு இலக்கங்களுக்கு 42, நடுவில் 5, வலது ஆறுக்கு 42, மறு ஓரத்தில் 3. ஆக 95 அலகு.

12 இலக்கத்துக்குத்தானே இடம் இருக்கிறது, பதின்மூன்றாவது எங்கே? இது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். இடது பாதியில் ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு விதமாக எழுதலாம். எந்த இடத்தில் எந்த விதம் வருகிறது என்ற வரிசைதான் முதல் இலக்கம். அதற்கென்று தனிக் கோடே கிடையாது! அந்த எண் 0 என்றால் ஆறுமே முதல் விதம், அதாவது பழைய யுபிசி அப்படியே. இன்னொரு பயனும் உண்டு. இடது பாதியின் முதல் வடிவம் எப்போதும் கறுப்பு அலகுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும் விதம். வலது பாதியில் எல்லாமே இரட்டைப்படை. பொருளைத் தலைகீழாகக் காட்டினால் முதலில் இரட்டைப்படை வரும், உடனே ஸ்கேனர் வரிசையைத் திருப்பிக்கொள்ளும்.

மை பரவினால் கோடுகள் தடித்து இடைவெளிகள் சுருங்கும். இதைச் சமாளிக்க, ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் இடது விளிம்புவரை என்று அளப்பார்கள். மை பரவினாலும் அந்தத் தூரம் மாறாது. ஆனால் இந்த அளவில் 1ம் 7ம் ஒன்றுபோலவே தெரியும், 2ம் 8ம் அப்படியே. இவற்றைப் பிரிக்கக் கோட்டின் தடிமனைப் பார்த்தே ஆக வேண்டும். மை அதிகமாக ஓடிய லேபிளில் இங்கேதான் வழுக்கும்.

அப்படி வழுக்கினாலும் பிடிக்கத்தான் கடைசி இலக்கம். கணக்கைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். 200000012345 என்ற 12 இலக்கத்தை எடுத்துக்கொண்டு, இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள்: 2 + 3 + 2 + 9 + 4 + 15 = 35. அடுத்த பத்தின் மடங்கு 40, எனவே சரிபார்ப்பு இலக்கம் 5. முழு எண் 2000000123455. ஒற்றை இலக்கம் எது தவறினாலும் இந்தக் கணக்கு பிடித்துவிடும். கையால் தட்டச்சு செய்யும்போது பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போது மட்டும் தப்பிவிடும்.

மற்ற ஒற்றைப் பரிமாண வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கோட் 39ல் ஒவ்வொரு எழுத்துக்கும் கோடும் இடைவெளியும் சேர்த்து 9 பட்டைகள், அதில் 3 அகலமானவை; சரிபார்ப்பு கட்டாயமில்லை. கோட் 128ல் ஒவ்வொரு குறியும் 11 அலகு, சரிபார்ப்பு கட்டாயம். அதன் சி பிரிவில் ஒரே குறிக்குள் இரண்டு இலக்கங்கள் அடங்கும். ஐடிஎஃப்பில் ஓர் இலக்கம் கோடுகளிலும் அடுத்தது அந்தக் கோடுகளின் இடைவெளிகளிலுமாக, இரு கை விரல்களைக் கோர்த்தது போல எழுதப்படும். அதனால் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். இதன் தொடக்க, முடிவுக் குறிகள் மிக எளிமையானவை. லேசர் சாய்வாக ஓடிப் பாதியில் வெளியே போனால், பாதி எண்ணையே முழு எண் என்று நினைத்துவிடும். அந்தக் கனமான கறுப்புச் சட்டம் அழகுக்கு அல்ல, இதைத் தடுக்கத்தான். ஸ்கேனரிலும் ஐடிஎஃப்புக்கு 14 இலக்கம் மட்டும் என்று நீளத்தைப் பூட்டிவிடுங்கள்.

இரு பரிமாணத்துக்குக் கேமரா வேண்டும். க்யூஆரின் மூலைச் சதுரங்களின் நடு வழியாக எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பு வெள்ளை 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். படத்தில் அந்த விகிதத்தைத் தேடினால் மூன்று மூலைகள் கிடைத்துவிடும். அதை வைத்துச் சாய்வைச் சரிசெய்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமும் கறுப்பா வெள்ளையா என்று எடுத்துக்கொள்கிறது மென்பொருள். பெரிய கறுப்புத் திட்டுகளோ வெள்ளைத் திட்டுகளோ வராதபடி 8 வகை முகமூடிகளில் (சில கட்டங்களில் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிப்போடும் வடிவங்கள்) ஒன்று முன்பே போடப்பட்டிருக்கும்; அதைக் கழற்றிய பிறகு ரீட்-சாலமன் என்ற பிழைத்திருத்தக் கணக்கு ஓடும். டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994ல் இதை வாகன உதிரிபாகங்களுக்காக உருவாக்கியது. அழுக்கும் கிழிசலும் எதிர்பார்த்ததுதான் என்பதால் நான்கு நிலைகள் வைத்தார்கள்: ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீதம் சேதமானாலும் மீட்கலாம். நடுவில் லோகோ வைப்பவர்கள் இந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவழிக்கிறார்கள். லோகோ பெரிதாகிவிட்டால் பிறகு ஒரு கீறலைக்கூடத் தாங்காது.

படி 3: ஸ்கேனரைத் தேர்ந்தெடுங்கள்

லேசர் ஸ்கேனர் ஒற்றைப் பரிமாணத்தை மட்டும் படிக்கும், காகிதத்தில் இருந்தால். ஃபோன் திரையில் காட்டினால் பெரும்பாலும் படிக்காது. திரை தானே ஒளி விடுகிறதே தவிர, லேசரைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவதில்லை. சிசிடி வகையில் ஆடும் பாகம் இல்லை, எல்இடி ஒளியும் ஒரு வரிசை உணரிகளும்தான். கீழே விழுந்தாலும் தாங்கும், ஆனால் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். கேமரா வகை இமேஜர் ஒற்றைப் பரிமாணம், இரு பரிமாணம் இரண்டையும் படிக்கும், திரையையும் படிக்கும், எந்தக் கோணத்திலும் படிக்கும்.

என் கருத்து: இன்று புதிதாக வாங்குபவர் இமேஜரே வாங்கலாம். 2027 முடிவுக்குள் உலகெங்கும் கடைக் கவுண்டர்கள் இரு பரிமாணக் குறியீட்டையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. இந்த நேரத்தில் லேசரில் பணம் போடுவதில் அர்த்தமில்லை. கிடங்கில் உயரத் தட்டுகளைத் தரையிலிருந்து படிக்க வேண்டும் என்பவர்கள் மட்டும் நீண்ட தூரத்துக்கென்று செய்த மாதிரியைக் கேளுங்கள். மின்னணுப் பலகையில் இருக்கும் மிகச் சிறிய டேட்டா மேட்ரிக்ஸுக்கும் அதற்கென்றே உள்ள நுண்மாதிரி வேண்டும்.

படி 4: உங்கள் வேலைக்கு எந்த வகை?

பொருள் வேறு கடைகளிலும் விற்கப் போகிறதா? அப்படியென்றால் தேர்வே இல்லை, ஜிஎஸ்1 அமைப்பில் பதிவு செய்து எண் வாங்கி இஏஎன் அல்லது யுபிசி போட வேண்டும். எண்ணை நீங்களே கற்பனையாக எழுதினால் அது வேறு யாருடையதாகவோ இருக்கும். உங்கள் இடத்துக்குள் மட்டும் என்றால் 200 என்று தொடங்கும் எண்கள் அதற்காகவே ஒதுக்கப்பட்டவை.

உள்வேலைக்கு, அதாவது சொத்துப் பட்டியல், கிடங்குத் தட்டு, கோப்பு எண் போன்றவற்றுக்கு, கோட் 128. கோட் 39 எழுத்துருவை நிறுவி, இரு பக்கமும் நட்சத்திரம் போட்டால் போதும் என்பதால் பலர் அதன் பக்கம் போகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 12 இலக்க எண்ணுக்குக் கோட் 128ன் சி பிரிவில் 101 அலகு போதும். அகலமான பட்டை மூன்று மடங்காக இருக்கும் கோட் 39ல் 223 அலகு வேண்டும். ஓர் அலகு 0.25 மிமீ என்றால் 25 மிமீக்கும் 56 மிமீக்கும் உள்ள வித்தியாசம். சிறிய லேபிளில் இது மிகப் பெரிது.

இடம் மிகவும் குறைவு, தொகுதி எண்ணும் தேதியும் வேண்டும் என்றால் டேட்டா மேட்ரிக்ஸ். 10க்கு 10 கட்டத்திலேயே 6 இலக்கம் அடங்கும். பொதுமக்கள் ஃபோனில் படிக்க வேண்டும் என்றால் க்யூஆர்.

படி 5: அச்சிடுதல், பெரும்பாலான சிக்கல் இங்கேதான்

203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) லேபிள் பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி போடும். இஏஎன்-13ன் இயல்பான அலகு 0.33 மிமீ, அதாவது 2.64 புள்ளி. முக்கால் புள்ளி, அரைப் புள்ளி என்று பிரிண்டரால் போட முடியாது. பார்கோடைப் படமாக எடுத்து மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால், சில கோடு 2 புள்ளியாகவும் சில 3 புள்ளியாகவும் விழும். நம் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும், ஆனால் விகிதம் போய்விட்டது. எனவே படத்தை இழுக்காதீர்கள். லேபிள் மென்பொருளில் அலகின் அகலத்தை முழுப் புள்ளியாக அமையுங்கள். 203 டிபிஐயில் 3 புள்ளி என்றால் ஓர் அலகு 0.375 மிமீ, இருபுற வெள்ளை ஓரங்களோடு சேர்த்து மொத்த அகலம் ஏறக்குறைய 42.4 மிமீ. 2 புள்ளி என்றால் 0.25 மிமீ; இயல்பு அளவின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற விதியை அது மீறிவிடும். இடம் போதாவிட்டால் 300 டிபிஐ பிரிண்டரில் 4 புள்ளி வைத்தால் 38 மிமீ அளவில் அழகாக வரும்.

அந்த ஓரங்களைப் பற்றி ஒரு சொல். கோடுகளுக்கு இருபுறமும் வெறும் வெள்ளை இடம் வேண்டும். இஏஎன்-13க்கு இடப்பக்கம் 11 அலகு, வலப்பக்கம் 7. கோட் 128க்கு இருபுறமும் 10. க்யூஆருக்கு நாலாபுறமும் 4 கட்டம். டேட்டா மேட்ரிக்ஸுக்கு 1 போதும், ஆஸ்டெக்குக்கு வேண்டியதே இல்லை. வடிவமைப்பாளர்கள் இந்த இடத்தை வீண் என்று நினைத்து அதில் எழுத்தையோ பெட்டிக்கோட்டையோ கொண்டுவந்து விடுவார்கள். எங்கே தொடங்குகிறது என்றே ஸ்கேனருக்குத் தெரியாமல் போகும்.

நிறத்திலும் கவனம் தேவை. சிவப்பு ஒளிக்குச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் வெள்ளையாகவே தெரியும். வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டால் அது வெற்றுக் காகிதத்தைப் படிப்பது போலத்தான். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை பரவாயில்லை. ஒளி ஊடுருவும் உறையாக இருந்தால் முதலில் வெள்ளைப் பின்னணி அச்சிட்டு அதன்மேல் கோடு. கறுப்பில் வெள்ளைக் கோடுகளைப் பல ஸ்கேனர்கள் அமைப்பை மாற்றினால்தான் படிக்கும்.

பாட்டிலில் ஒட்டும்போது கோடுகள் ஏணிப்படி போலக் கிடைமட்டமாக அமையட்டும்; நிமிர்த்தி ஒட்டினால் ஓரக் கோடுகள் வளைவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிரிண்டரின் தலையில் ஒரு புள்ளி செத்துப்போனால் லேபிள் நகரும் திசையில் வெள்ளைக் கீற்று விழும்; கோடுகளும் அதே திசையில் இருந்தால் ஒரு கோடே காணாமல் போகலாம். அப்படிக் கீற்று தெரிந்தால் முதலில் ஆல்கஹால் தொட்ட துணியால் தலையைத் துடைத்துப் பாருங்கள்.

படி 6: கணினியோடு இணைத்துச் சோதியுங்கள்

யூஎஸ்பி ஸ்கேனர்கள் பெரும்பாலும் கணினியிடம் தன்னை ஒரு விசைப்பலகை என்றே சொல்லிக்கொள்ளும். வெறும் உரைக் கோப்பு ஒன்றைத் திறந்து ஸ்கேன் செய்து பாருங்கள், எண் தானாகத் தட்டச்சாகும். எண்ணுக்குப் பிறகு என்டர் வேண்டுமா, டேப் வேண்டுமா என்பதைக் கையேட்டில் இருக்கும் அமைப்புப் பார்கோடுகளை ஸ்கேன் செய்தே மாற்றலாம். குழம்பிப்போனால் அதே கையேட்டில் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும் கோடும் இருக்கும். தேவையில்லாத வகைகளை அணைத்துவிடுவது நல்லது. தவறாகப் படிக்கும் வாய்ப்பு குறையும்.

விசைப்பலகையாக நடிப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. கணினியில் அந்த நேரம் தமிழ்த் தட்டச்சு இயங்கிக்கொண்டிருந்தால் பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்தாக விழும். கேப்ஸ் லாக் இருந்தால் பெரிய எழுத்து சிறிதாகலாம். ஜிஎஸ்1-128ல் தொகுதி எண் எங்கே முடிகிறது என்று காட்டும் கண்ணுக்குத் தெரியாத குறியும் இந்த வழியில் தொலைந்துபோகக் கூடும். அப்படியானால் ஸ்கேனரை சீரியல் போர்ட் முறைக்கு மாற்றுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது நேர் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள். பளபளப்பான தாளில் ஒளி கண்ணாடியில் பட்டது போல நேராகத் திரும்பிக் கறுப்பையும் வெள்ளையாக்கிவிடும். கொஞ்சம் சாய்த்தால் போதும்.

நேரடியாக எக்செல் தாளில் ஸ்கேன் செய்வதாக இருந்தால் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும், 13 இலக்க எண் 2E+12 என்று சுருங்கித் தெரியும். 15 இலக்கத்தைத் தாண்டிய எண்களில் கடைசி இலக்கங்கள் 0 ஆகிவிடும். சுருங்கியதை விரித்துப் பார்க்கலாம், தொலைந்த இலக்கங்களைத் திரும்பப் பெற முடியாது, மறுபடியும் ஸ்கேன்தான். அப்புறம், ஒரு ஸ்கேனர் யுபிசியை 12 இலக்கமாகவும் இன்னொன்று முன்னால் 0 சேர்த்து 13 இலக்கமாகவும் அனுப்பினால் ஒரே பொருள் பட்டியலில் இரண்டாகப் பதிவாகும். எல்லா ஸ்கேனர்களிலும் ஒரே பொருளை ஒருமுறை காட்டி, வரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு சரக்கு எண்ணத் தொடங்குங்கள்.